யோகட் அக்காவின் அண்ணை

என் தங்கச்சி எனக்காக ஒப்பாரி வைத்து அழுததை நான் கிணற்றடியில் நின்று கேட்டேன். தலை முழுக்கச் சவர்க்கார நுரை.

முதலில் தெருவில் ஒரு வாகனம் கிரீச்சிட்டு நின்றது. படலை திறக்கும் சத்தம் வரவில்லை. அது சாய்ந்து விழும் சத்தம்தான் வந்தது. அதற்குப் பிறகு, "ஐயோ, என்ர அண்ணை!"

குரல் பவளத்தினுடையது. எனக்கு உடன்பிறப்பென்று இருப்பவள் அவள் ஒருத்திதான்.

"தபால் கந்தோர்க் கதிரையில ராசா மாதிரி இருந்தியே, என்ர அண்ணை! ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டியே!"

அவளுக்கு அறுபது வயதாகப் போகிறது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை 'நீ' என்றாள். செத்தவர்களுக்கு மரியாதை குறைவு போலும்.

"ஊர்ச் சனமெல்லாம் என்ர யோகட் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு சொல்லிச்சுதே! உன்ர வாயால ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தச் சொல்லைச் சொல்லாமல் போட்டியே, என்ர அண்ணை!"

ஓர் உண்மையை இங்கே பதிய வேண்டும். அந்தக் கணமே நான் ஓடிப்போய், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு, இன்னும் என்ன சொல்லப் போகிறாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். குறிப்பெழுதும் ஒருவனுக்குத் தன் மரணத்தைப் பற்றி இப்படியொரு நேரடிச் சாட்சியம் இன்னொரு தடவை கிடைக்காது.

என் மனைவி தயா குசினியிலிருந்து ஓடி வந்தாள். ஒரு பெண் அழுதுகொண்டு வளவுக்குள் வந்தால், கட்டிப்பிடித்துச் சேர்ந்து அழுவதுதான் எங்கள் பக்கத்து முறை. விபரம் கேட்பதெல்லாம் பிறகு. தயா முறை தவறாதவள். இரண்டு பேருமாக ஒரு பாட்டம் நன்றாக அழுது முடித்த பிறகுதான் தயா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆர் மச்சாள் செத்தது?"

"அண்ணை, மச்சாள்!"

"எந்த அண்ணை?"

"எனக்கு எத்தினை அண்ணை கிடக்கு?"



"அவர் பின்னால குளிக்கிறார்," என்றாள் தயா.

நாற்பது சிரிப்பு

சென்ற கிழமை குளக்கட்டு உடைந்த கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது அப்படியே கிடக்கட்டும். தண்ணீர் எப்படியும் போய்விட்டது.

இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தில் பதினேழு திகதிகள் எழுதியிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் பதினாறை வெட்டிவிட்டு, 'வாசகர்கள் பரீட்சை எழுதப் போவதில்லை ஐயா' என்று துண்டு அனுப்பினார். முப்பத்தொரு வருடம் திகதி முத்திரை குத்திய கைக்கு இது வலிக்கும். ஆகவே, மேலே சொன்னது ஒரு சிறுபோக நெல்லுக் காலத்து வியாழக்கிழமை நடந்தது என்பதோடு நிறுத்துகிறேன். வியாழக்கிழமையை அவர் விட்டுவைப்பார் என்று நம்புகிறேன்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து, குளத்துக்குக் கீழே காணி கிடைத்துத் துணுக்காய்ப் பக்கம் வந்தவர். பிள்ளைகள் இரண்டு பேர். படிக்கிற பிள்ளை நான். மற்றது பவளம். வீட்டில் எங்களை அப்படித்தான் சொல்வார்கள். நான் உயர்தரம் சித்தியடைந்து தபால் கந்தோரில் சேர்ந்தேன். அவளுக்குக் கணக்கு ஓடவில்லை.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பி வந்த வருடம், பவளத்திடம் ஒரு தகரக் கொட்டிலும் உதவியாகக் கிடைத்த ஒரு மாடும் இருந்தன. முட்டியில் தயிர் போட்டு விற்றாள். தயிரிலிருந்து யோகட்டுக்குப் போனாள். இப்போது கனகராயன்குளத்திலிருந்து பூநகரி வரைக்கும் அவளுடைய பட்டா என்கிற சின்ன லொறிகள் ஓடுகின்றன. 'பவளம் யோகட்.' மூடியில் அவளுடைய படம். காதில் தோடு, வாய் நிறையச் சிரிப்பு.

இந்த மூடிதான் என் பிரச்சினை.

தங்கச்சி கட்டிய வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் அந்தத் தெருவால் போகாமல் இருக்கலாம். எனக்குப் போகாமல் இருப்பதற்கு ஒரு தெருவும் இல்லை. தலைமயிர் வெட்டப் போனால் சலூன் மூலையில் குளிர்ப்பெட்டி. கோயில் அன்னதானத்தில் பந்திக்கு நாற்பது பேர் இருந்தால் நாற்பது பவளங்கள் இலைகளுக்குப் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். குப்பைமேட்டில் காகம் கொத்தினாலும் அந்தச் சிரிப்பு மாறாது.

சந்திக் கடையில் குளிர்ப்பெட்டியைத் திறந்து கப்புகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைப்பது என் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் கடைக்கார நானா கையும் மெய்யுமாகப் பிடித்துவிட்டார்.

"என்ன ஐயா செய்யிறீங்க?"

"திகதி பாக்கிறன்."

"திகதி மேலதானே ஐயா அடிச்சிருக்கு. அக்காட கழுத்துக்குக் கீழ."

அதுவரை நான் அந்த மூடியை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. திகதி பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவன்.

பஸ்ஸில் எனக்கு ஆசனம் கிடைப்பதும் அவளால்தான். "எழும்பி இடம் விடு, யோகட் அக்காவின்ர அண்ணை வாறார்." இப்படி என்னை அறிமுகம் செய்த சந்தர்ப்பங்களைத் தனியாக ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். இருநூறு தாண்டியதும் கொப்பியை மூடிவிட்டேன்.

நான் வாசிக்கிறவன். தேடிப் பார்த்தேன். அண்ணனும் தம்பியும் பொறாமையில் அடிபட்டு ராச்சியங்கள் அழிந்ததற்கு உலக சரித்திரத்தில் தாராளமாக உதாரணம் இருக்கிறது. தங்கச்சியின் யோகட்டைப் பார்த்து வயிறெரிந்த ஓர் அண்ணனைக்கூட எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. அந்தத் துறையில் நான்தான் முன்னோடி.

டொக்டர் பிள்ளையின் யோசனை

பிரஷர் ஏறியது. கிளினிக்கில் இருந்தவர் சின்ன வயது டொக்டர், பெண் பிள்ளை.

"மனசில ஏதும் யோசனை இருக்கோ ஐயா?"

"தங்கச்சி யோகட் விக்கிறா."

"அதில என்ன பிரச்சினை?"

"நல்லா விக்கிறா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மருந்துச் சிட்டையில் எழுதுவதை நிறுத்தினார். "மனசில இருக்கிறதை எல்லாம் ஒரு தாளில எழுதுங்கோ. எழுதி முடிச்சுக் கிழிச்சு எறிஞ்சு போடுங்கோ. சுகமா இருக்கும்."

முதற் பாதியைச் செய்தேன். இரண்டாம் பாதி என்னால் ஆகாது. ஆவணங்களைக் கிழிக்கிற கை இல்லை இது.

எழுதுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுதான். எங்கள் ஆட்களில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நினைவு மலர் கொடுப்பார்கள். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் நன்றி நவிலல். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்கள் பகுதியில் அந்த வாழ்க்கைக் குறிப்புகளை எழுதுகிறவன் நான். அறுபத்து மூன்று பேரை எழுதி முடித்திருந்தேன். ஒருவரின் பிறந்த நாள்கூடப் பிழைத்ததில்லை.

ஆகவே பவளத்தைப் பற்றி மனதில் இருந்ததை எழுத உட்கார்ந்தபோது கை தன் பாட்டுக்கு, 'அன்னார் இளமையிலேயே' என்று தொடங்கிவிட்டது.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. சரித்திரத்தைச் சரியாகப் பதிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் பவளம், பவளம் என்கிறார்களே, அதில் என் பங்கு என்ன என்று ஓரிடத்திலாவது இருக்க வேண்டாமா? தலைப்பில் அவள் பெயரைப் போட மட்டும் மனம் வரவில்லை. வெறுமனே 'வாழ்க்கைக் குறிப்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மூன்று கிழமையில் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி நிரம்பியது. டொக்டர் பிள்ளை சொன்னது சரி. பிரஷர் இறங்கியது.

ரூபனின் விதி

அதே நாட்களில் பூநகரியில் காலமான ஓர் ஆசிரியரின் குறிப்பையும் இன்னொரு சி.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு கொப்பிக்கும் ஒரே நீல மட்டை. என்ன நடந்திருக்கும் என்று வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள்.

நாங்கள் கிளிநொச்சிக்கு எதையும் பஸ்ஸில்தான் அனுப்புவோம். கொண்டக்டரின் கையில் கொடுத்தால் போதும். அங்கே ஆள் வந்து எடுத்துக்கொள்ளும். புதன்கிழமை முதல் பஸ்ஸில், அச்சகம் நடத்தும் ரூபனுக்குக் கொப்பியை அனுப்பினேன். தவறான கொப்பியை.

ரூபன் நல்ல பெடியன், ஆனால் வாசிக்க மாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டுக்காரர் கொண்டுவரும் குறிப்புகளில் 'எங்கள் அப்பா', 'எங்கள் தெய்வம்' என்றுதான் இருக்குமே தவிர, செத்தவரின் பெயர் இருக்காது. அதனால் அவன் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தான்: கொப்பியில் ஆருடைய பெயர் ஆகக் கூடுதலான தரம் வருகிறதோ, அவர்தான் காலமானவர். இந்த விதி அவனை ஒருநாளும் கைவிட்டதில்லை.

என் கொப்பியில் ஆகக் கூடுதலாக வந்த பெயர் சிவஞானம். அது நான்.

அவன் எனக்கு அழைப்பு எடுத்திருக்கிறான். என் போன் அதற்கு முதல் நாள் கிணற்றடி வாளிக்குள் விழுந்து, ஈரம் இழுப்பதற்காக அரிசிக்குள் புதைந்து கிடந்தது. பதில் இல்லை. ரூபனுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. 'ஐயா தன்ர குறிப்பைத் தானே எழுதி வைச்சிட்டுப் போயிருக்கிறார்' என்று அச்சகத்தில் இருந்து அழுதானாம். ஒவ்வொரு மலரின் பின்மட்டையிலும் 'தொகுப்பு' என்று போட்டு என் சின்னப் படம் வரும். அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, தன் செலவிலேயே கண்ணீர் அஞ்சலி பனர் அடித்து, வியாழக்கிழமை விடியவே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து எங்கள் சந்தியில் கட்டினான்.

'அறுபத்து மூன்று பேரின் வாழ்வை எழுதி, அறுபத்து நான்காவதாகத் தானே ஏடானவர்' என்று அதில் இருந்தது. வசனம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்தச் சந்தியால்தான் பவளத்தின் முதல் பட்டா போகும். அன்றைக்கு அவளும் சாரதி சிறிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

கிணற்றடி விசாரணை

இனிக் கிணற்றடிக்கு வருவோம். என் கண்ணுக்குள் சவர்க்காரம் போய்விட்டது.

பவளம் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் தயா, அதற்குப் பின்னால் சிறி. நான் இடுப்பில் கட்டிய நனைந்த சாரத்தோடு நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குனிந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது தவறிக் கிணற்றுக்குள் விழுந்தது.

"குளிக்கிறியளோ? நான் அங்க நெஞ்சில அடிச்சுக் கத்திறன், நீங்கள் இஞ்ச சோப்புப் போடுறியளோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை, நான் செத்தது."

"கேட்டுக்கொண்டுதானே நிண்டனீங்கள்?"

நான் தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். 

இந்த நேரம் பார்த்து ரூபன் வந்தான். ஒரு கையில் மலர் மாலை. மறு கையில் வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்கு நினைவு மலரின் மாதிரி அச்சு, புரூவ். என்னைக் கண்டதும் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"ஐயா... அப்ப இது உங்கட இல்லையோ?"

"இல்லை."

"அப்ப ஆர்ட ஐயா?"

நான் புரூவுக்குக் கையை நீட்டினேன். ஈரக் கை. எனக்கு முன்னால் பவளம் அதைப் பறித்துக்கொண்டாள். கிணற்றுக்கட்டில் ஏறி இருந்து, இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாள். அந்த முப்பத்திரண்டு பக்கத்தை அவள் வாசித்துவிட்டால் எனக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பும் அந்தப் படலையால் வெளியே போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. படலையும் ஏற்கெனவே விழுந்து கிடந்தது.

"'அன்னார் தமது தமையனார் சிவஞானத்தின் சைக்கிளிலேயே ரியூசனுக்குச் சென்றுவந்தார்,'" என்று உரத்து வாசித்தாள். நிறுத்தினாள். "அண்ணை, உங்களுக்கு ஏது தமையன், அதுவும் உங்கட பேரிலயே?"

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"'தமையனார் சிவஞானம் தபாற் சேவையில் இணைந்த அதே ஆண்டில் அன்னார் கணித பாடத்தில் சித்தியடையத் தவறினார்.'" கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். "இது நானெல்லோ!"

"ஓம்," என்றேன்.

"நான் உயிரோடதானே இருக்கிறன்!"

"நானுந்தானே," என்றேன். அது அந்த இடத்தில் நல்ல பதிலாகப் படவில்லை.

சிறி சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றுத் துலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பவளம் விடாமல் வாசித்தாள். தமையனார் சிவஞானத்தின் ஆலோசனை. தமையனார் சிவஞானம் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம். தமையனார் சிவஞானத்தின் சைக்கிளில் போன முதல் தயிர் முட்டி.

"சிறி, இதில அண்ணையின்ர பேர் எத்தினை தரம் வருது எண்டு எண்ணு."

சிறி எண்ணினான். சிவஞானம் நாற்பத்தொரு தரம். பவளம் ஒன்பது.

"சரியாத்தானே பனர் கட்டியிருக்கிறான் இந்தப் பெடியன்," என்றாள் பவளம். "என்ர செத்த வீட்டிலயும் நீங்கள்தானே பிரேதம்!"

தயா பதினோராம் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். 'முதலாவது தயிருக்கான உறை தமையனார் சிவஞானத்தின் இல்லத்திலிருந்து பெறப்பட்டது.'

"உறை நான் குடுத்தது," என்றாள் தயா. "நீங்கள் அண்டைக்கு வீட்டிலயே இல்லை. சங்கக் கூட்டத்துக்குப் போட்டியள்."

பன்னிரண்டு வருடங்களாக நான் எழுதியவற்றில் பிழை என்று எவராவது காட்டிய முதல் இடம் அது. அந்த நேரத்திலும் அதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு கரண்டி

கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுப் பவளம் புரூவை மடித்தாள். இப்போது எழும்பிப் போவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எழும்பவில்லை.

"என்ர யோகட் கட்டடம் திறந்த அண்டைக்கு மழை எத்தினை மணிக்குத் தூறினது எண்டு எழுதியிருக்கிறியள். வாசல்ல எத்தினை வாழை கட்டினது எண்டு எழுதியிருக்கிறியள். அந்த யோகட் எப்பிடி இருக்கும் எண்டு முப்பத்திரண்டு பக்கத்தில ஒரு வரி இல்லை."

"ருசி தரவு இல்லைப் பிள்ளை. ஆளுக்காள் மாறும்."

"உங்களுக்கு எப்பிடி?"

நான் துவாயை எடுத்துத் தலையைத் துடைத்தேன். நிறைய நேரம் துடைத்தேன்.

"அண்ணை, சாப்பிட்டனீங்கள்தானே?"

பதினெட்டுக் கல்யாணம், எண்ணமுடியாத அளவு அன்னதானம், அவளுடைய கட்டடத் திறப்பு விழா. எல்லா இடத்திலும் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு என் கப்பைத் தள்ளிவிட்டிருக்கிறேன். வீட்டுக்கு அவள் அனுப்பியதைத் தயா சாப்பிட்டாள். எனக்கு யோகட் விருப்பம். அதற்காகச் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போய், மூடியில் மாட்டுப் படம் போட்ட வேறொரு யோகட்டை வாங்கி, வாய்க்கால் கட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவேன்.

"ஒருநாளும் சாப்பிடேல்லை," என்றேன்.

அது ருசியில்லை என்று எழுதியிருந்தால்கூட அவள் இவ்வளவு திகைத்திருக்க மாட்டாள். அவளுடைய முகத்தில் அந்த மூடிச் சிரிப்பின் அடையாளமே இல்லை. வெறும் பவளமாக இருந்தாள்.

"சிறி," என்றாள், என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல். "போய் ஒண்டு எடுத்துக்கொண்டு வா."

சிறி வருவதற்கு முன்னரே அஞ்சலிக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பனர் நல்ல இடத்தில் கட்டப்பட்டிருந்தது. விவசாயிகளின் கமக்காரர் சங்கத்தார் நாலு பேர் வெள்ளைச் சேட்டோடு ஒரு மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்கள். என்னைக் கண்டதும் நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பொறுங்கோ," என்றாள் பவளம், கையைக் காட்டி. "அண்ணை ஒண்டு சொல்ல வேணும்."

அவர்கள் பொறுத்தார்கள். செத்தவர் கடைசியாக ஏதோ சொல்லப் போகிறார் என்றால் எவரும் பொறுப்பார்கள்.

சிறி கப்பைத் தந்தான். மூடியை உரித்தேன். சின்ன மரக் கரண்டியால் முதல் வாய் எடுத்தேன். அது மோசமாக இருக்க வேண்டும் என்று அந்தக் கடைசி நேரத்திலும் ஒரு பக்கம் மனம் மன்றாடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் கூடப் புளித்திருந்தால் போதும். ஒரு குற்றம் கண்டுபிடித்து மரியாதையாகத் தப்பிவிடலாம்.

குளிராக இருந்தது. இனிப்பு அளவு. கட்டியாக இருந்து, நாக்கில் பட்டதும் விட்டது. விறகில் காய்ச்சிய பாலின் மெல்லிய புகை மணம் எங்கேயோ பின்னால் வந்தது. மாட்டுப் படம் போட்டதில் அது இருக்காது. நான் நிறுத்தாமல் அடி வரைக்கும் வழித்துச் சாப்பிட்டேன். எட்டுப் பேர் நின்று பார்த்தார்கள்.

"நல்லாயிருக்கு," என்றேன்.

"பின்னால நிக்கிறவைக்குக் கேக்கேல்லை ஐயா," என்றான் சிறி.

"நல்லாயிருக்கு!" என்றேன். தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

பவளம் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். இது ஒப்பாரி இல்லை. சொல் ஒன்றும் இல்லை. நான் செத்ததற்கு அழுததைவிட இது அதிகம் என்பதை, இரண்டையும் நேரில் கேட்டவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

சங்கத் தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மலர்வளையத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது கூடாது என்று தயாவிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் அதை என்னிடமே தந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

"இன்னொண்டு வேணுமோ அண்ணை?" என்றாள் பவளம் அழுகைக்கு நடுவில்.

"ஓம்," என்றேன்.